முள் சிவப்பைத் தொடவில்லை

பட்டறைத் தெருவில் அவருக்கு 'இதெல்லாம்' என்று பெயர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை அதுதான். இதெல்லாம் ஒரு லாரியா. இதெல்லாம் ஒரு வெல்டிங்கா. பக்கத்துப் பட்டறைக்காரன் புது ஜாக்கி வாங்கி வந்தபோது அதைக் காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவன் அன்று முழுக்க அந்த ஜாக்கியைத் தொடவில்லை.

டீசல் என்ஜினோடு வாழ்நாளைக் கழித்த மெக்கானிக். வேலை தெரிந்தவர், அதை அவரே மறுக்கமாட்டார். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து ஓட்டுகிறவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் கழுதை என்றுதான் சொல்வார். அவர் கைபட்ட வண்டி சீக்கிரத்தில் திரும்பி வராது. இன்னொரு முறை வந்து திட்டு வாங்க யாருக்கும் தெம்பு இல்லை என்பதும் ஒரு காரணம்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மாப்பிள்ளை சொந்தமாக லாரி வைத்திருந்தான். குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்குவது தொழில். ஆக்சிலேட்டரைக் கால் வைத்துக்கொள்ளும் பலகை என்று நினைத்திருந்தான். போன வருஷம் ஏற்றத்தில் மிதித்த மிதியில் பிஸ்டன் உருகி, வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அவர் என்ஜினைப் பிரித்துக் கட்டி முடிக்கும்வரை மகளும் மாப்பிள்ளையும் அவர் வீட்டு முன்னறையில் தங்கினார்கள்.

பிஸ்டனை அவர் மன்னித்துவிட்டார். முன்னறையை மன்னிக்கவில்லை. செய்தித்தாள் அவர் கைக்கு வருமுன்னே கசங்கிக் கிடந்தது. குளியலறையிலிருந்து பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. சாப்பிட்ட கை காயும்வரை தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து உலகத்தைத் திருத்தினான். மனைவியோ, "மாப்பிள்ளைக்கு எவ்வளவு விஷயம் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றாள். மனதுக்குள் கழுதை என்றும் வாயால் 'வாங்க மாப்ளே' என்றும் சொல்லிச் சொல்லி அவருக்கு நெஞ்செரிச்சலே வந்துவிட்டது.

இன்னொரு முறை வண்டி படுத்தால் இன்னொரு முறை முன்னறை. அந்த லாரியின் மேல் அவருக்கு இருந்த அக்கறை அவ்வளவுதான். ஆனால் அது சின்ன அக்கறை இல்லை.

ஒருநாள் காலையில் மாப்பிள்ளை மகளோடு பட்டறைக்கு வந்தான். கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"மாமா, இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"பெட்டி மேலயே எழுதியிருக்கும் மாப்ளே. படிங்க."

புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர். விரல் நீளத்துக்கு ஒரு கம்பி. புகை போகும் குழாயில் துளை போட்டு அதைச் சொருக வேண்டும். அதிலிருந்து ஒயர் கேபினுக்கு வரும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வட்டமாக மீட்டர். முள் சிவப்புக்குப் போனால் பிஸ்டன் உருகப்போகிறது என்று அர்த்தம்.

"காது இருக்கறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

"எனக்குத்தான் இல்லையே மாமா" என்று சிரித்தான். திட்டினால் சிரிக்கிறவனை என்ன செய்ய முடியும்?

"நான்தான்பா வாங்கச் சொன்னேன்" என்றாள் மகள். "ஒழுங்கா மாட்டிக் குடுங்க." சொல்லிவிட்டு அவனோடு டீ குடிக்கப் போனாள்.

ஒழுங்கு எது என்று அவருக்குத் தெரியும். என்ஜினை விட்டு வெளியே வந்ததும் புகை முதலில் புகுவது மேனிபோல்டு. அங்கே, புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குக் காற்று ஊட்டும் டர்போவுக்கு முன்னால், கம்பியைச் சொருகினால்தான் உண்மையான சூடு தெரியும். டர்போ சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அந்தப் பக்கம் வருவதற்குள் புகை ஆறிவிடும். பாரத்தோடு ஏற்றத்தில் போனால் நூறு டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டும். ஆனால் மேனிபோல்டில் துளை போட்டால் இரும்புத் துருவல் உள்ளே விழுந்து டர்போவைக் கடித்துவிடும். மேனிபோல்டைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் போட வேண்டும். பழைய வண்டி, துருவேறிய போல்ட்டுகள், முழு நாள் வேலை. டர்போவுக்குப் பின்னால் உள்ள குழாயோ கையை நீட்டினால் எட்டியது.

பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வைத்த கண்ணாடியில் தலை சீவுகிறவன், இந்த முள்ளையா பார்க்கப்போகிறான்? பார்க்காத முள்ளுக்கு எந்தக் குழாயாக இருந்தால் என்ன?

பின் குழாயில் துளை போட்டு, மரை வெட்டி, கம்பியை முறுக்கினார். அவர்கள் திரும்பி வருவதற்குள் பானட்டை மூடிவிட்டார்.

"முள்ளு சிவப்பைத் தொடக்கூடாது. அது ஒண்ணுதான். ஞாபகம் இருக்குமா மாப்ளே?"

"இருக்கும் மாமா."

"எனக்கு நம்பிக்கை இல்ல."

மறுநாள் முதல் பாரத்துக்கு அவரையும் வரச் சொல்லி மாப்பிள்ளை பிடிவாதம் பிடித்தான். மகள் நடுவில் உட்கார்ந்தாள், அவர் ஜன்னலோரம். மலை தொடங்கியது. இனி ஒரே மிதி, பிறகு போன் வரும், காலை எடுப்பான், யாரையாவது பார்த்துக் கையாட்டுவான், அந்தச் சோம்பேறித்தனத்தில் என்ஜினும் கொஞ்சம் மூச்சு விடும் என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை போனை அணைத்து டப்பாவில் போட்டான்.

முள் ஏறியது. சிவப்புக்கு ஒரு மயிரிழை இருக்கும்போது காலைத் தளர்த்தினான். முள் இறங்கியதும் அழுத்தினான். வளைவில் கியரைக் குறைத்து முள்ளை அங்கேயே நிறுத்தினான். நாக்கைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி ஓட்டினான். அவர் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முதுகு வியர்த்தது. மீட்டரில் மயிரிழை என்றால் என்ஜினுக்குள் சிவப்பைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும். இத்தனை நாள் ஒழுங்கில்லாமல் ஓட்டினான்; வண்டி தப்பித்தது. இன்று ஒழுங்காகக் கொல்கிறான். கண்ணாடியில் கரும்புகை தெரிந்தது.

"மாப்ளே, ஓரங்கட்டுங்க."

"ஏன் மாமா? இன்னும் சிவப்பைத் தொடலையே."

"கட்டுங்கன்னா கட்டுங்க! ஆஃப் பண்ணாதீங்க. சும்மா ஓடி ஆறட்டும்."

வண்டி நின்றது. சின்ன வயதில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்த மகள், மீட்டரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, ஓட்டை எங்க போட்டீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"பின்னாடியா?"

"கம்பி மட்டமான சரக்கு" என்றார். "மாத்தணும்."

"அப்படியா மாமா?" என்று மாப்பிள்ளை உடனே நம்பினான். இப்படி நம்புகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

பாதி ஜல்லியை அங்கேயே இறக்கிவிட்டு, உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். இந்த முறை மேனிபோல்டைக் கழற்றினார். துருவேறிய போல்ட்டுகளில் ஒன்று முறிந்து, மேனிபோல்டு பொருந்தும் என்ஜின் ஹெட்டுக்குள்ளேயே பாதி தங்கியது. மறுநாள் ஹெட்டையும் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. லேத்துக்காரன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது முன்னறையில் இரண்டு பைகள் இருந்தன. மனைவி மெத்தையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத் துண்டு கதவின்மேல் தொங்கியது. மாப்பிள்ளை எழுந்து அவருக்கு இடம் விட்டான்.

"மாமா, உங்க பொண்ணு எல்லாம் விளக்கமா சொன்னா. கம்பியை டர்போவுக்கு முன்னாடிதான் போடணுமாம். பின்னாடி போட்டா பொய் சொல்லுமாம். இது தெரியாதவன்லாம் மெக்கானிக்னு பட்டறை வச்சிருக்கான், இல்ல மாமா?"

அவர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். கிண்டல் இருக்கிறதா என்று தேடினார். இருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். ஒன்றும் இல்லை, கழுவித் துடைத்த முகம். சமையலறையில் மகள் பாத்திரத்தை வைத்த சத்தம் மட்டும் தேவைக்கு மேல் கேட்டது.

"ஆமா மாப்ளே" என்றார்.

"நீங்க நிதானமா பண்ணுங்க மாமா" என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டு சாய்ந்தான் மாப்பிள்ளை. "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."