கொக்கியில் தொங்கும் குல்லா

மலைமேல் இருக்கும் அட்டுவம்பட்டியில் நான் வந்த ஜீப் பஞ்சராகி நிற்கிறது. மழைக்கு ஒதுங்கி, எதிரே இருக்கும் பால்வாடி வாசலில் ஏறி நிற்கிறேன். உள்ளே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, கேரட் தோட்டத்துக்கு வேலைக்குக் கிளம்பும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். இன்றுதான் முதல் நாளாம்.

உதவலாமே என்று முகத்தைக் கோணிக் காட்டுகிறேன். அழுகை இரண்டு மடங்காகிறது.

"அவ பாக்காதப்ப நைசா போயிருங்கம்மா," என்கிறேன்.

"அந்தச் சோலியே இங்க கெடையாதுங்க சார்," என்கிறார் டீச்சர். "சொல்லிட்டுத்தான் போகணும். இல்லாட்டி நாளைக்கு நம்மள எப்படி நம்புவா?"

சுவரில், குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் வரிசையாகக் கொக்கிகள். அவற்றில் மற்ற அம்மாக்களின் குல்லாக்களும் துண்டுகளும் தொங்குகின்றன. டீச்சர் காட்டிய கொக்கியில் இந்த அம்மாவும் தன் கம்பளிக் குல்லாவைக் கழற்றி மாட்டுகிறாள்.

"இத எடுக்க அம்மா வெரசா வந்துருவேன். பத்திரமா பாத்துக்க தங்கம்."

வெறுந்தலையோடு குளிரில் இறங்கிப் போகிறாள்.

சிறுமி விசும்பிக்கொண்டே குல்லாவுக்குக் கீழே காவலுக்கு உட்காருகிறாள். பிறகு என் மங்கி குல்லாவைப் பார்த்து, பக்கத்துக் கொக்கியைக் காட்டுகிறாள். நான் உருகிப்போய்க் கழற்றுகிறேன்.

"திரும்பி வாரதா இருந்தா மட்டும் மாட்டுங்க சார்," என்கிறார் டீச்சர்.

சாயங்காலம் எனக்கு மதுரை பஸ். குல்லா தலைக்கே திரும்புகிறது. "நான் வரமாட்டேன் பாப்பா, ஊருக்குப் போறேன்," என்கிறேன்.

"சரி, போ," என்று கையாட்டிவிட்டு அம்மாவின் குல்லா பக்கம் திரும்பிக்கொள்கிறாள். எனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லை.