கறுப்பு இல்லாத வண்ணப் பெட்டி

வேலை நாளின் காலையில் ஒதில் எதையும் தூக்கமாட்டார். பை கிடையாது, குடை கிடையாது, தண்ணீர்ப் புட்டிகூடக் கிடையாது. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ரயில் ஏறும்போதே இரண்டு கைகளையும் சட்டையின் பக்கப் பைகளுக்குள் விட்டுக்கொள்வார். அறுபத்தொரு வயதுப் பிரெஞ்சுப் பெண்மணி கம்பியைப் பிடிக்காமல் தள்ளாடி நிற்பதைப் பார்த்து யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். உட்கார்ந்ததும் எதிரே இருப்பவர்களின் காதுகளை வெறிக்க ஆரம்பித்துவிடுவார். முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், காதை ஒன்றும் செய்ய முடியாது என்பது அவர் கட்சி. லிட்டில் இந்தியாவில் இறங்குவதற்குள் நாலைந்து காதுகளாவது மனப்பாடமாகிவிடும்.

சுமந்த கை நடுங்கும். கை நடுங்கினால் ஒதிலின் பிழைப்பு போச்சு. அவர் வரைவதெல்லாம் கழுத்துச் சங்கிலியின் லாக்கெட்டுக்குள் அடங்கும் முகங்கள். பதப்படுத்திய ஆட்டுத்தோலில், பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, நீர்வண்ணத்தைப் புள்ளி புள்ளியாக வைத்துச் சேர்ப்பார். கண்மணிக்குள் இருக்கும் வெளிச்சத்தை வைக்கிற கணத்தில் மூச்சை நிறுத்திக்கொள்வார். பஃபலோ ரோட்டில் அழகப்பனின் நகைக்கடைக்கு மேலே, வடக்கு பார்த்த ஜன்னல் உள்ள அறை அவருடையது. ஓவியங்களுக்குத் தங்க விளிம்பு கட்டித் தருபவர் அழகப்பன்தான். “மேல ஒரு வெள்ளக்காரம்மா இருக்காங்க. நம்ம மூஞ்சி நம்மளவிட அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்” என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

ஒதில் பேசும் தமிழ், படத்துக்காக எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன தமிழ், பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் சிங்கப்பூர் ‘லா’ உட்பட. அவருடைய பெரிய தலைவலியும் அவர்கள்தான். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவார்கள். அசையாமல் இருக்கிறீர்களா என்று கேட்டால் அதற்கும் ஓர் ஆட்டு. “சரின்னு வாயால சொல்லுங்க லா, தலையால சொல்லாதீங்க” என்று ஒரு நாளைக்கு முப்பது முறையாவது சொல்லியிருப்பார்.

பிரான்சில் லிமோஜ் அவர் ஊர். பதினெட்டு வயதில் பீங்கான் தட்டுகளில் ரோஜா வரையும் வேலை. அது சலித்துப்போய், பாரிஸுக்குப் போய்ச் சிற்றோவியம் கற்றார். அடியில் இருக்கும் ஆட்டுத்தோலின் வெண்மை வண்ணத்தை மீறி மினுங்குவதுதான் இந்தக் கலையின் உயிர், ஆகவே கறுத்த முகங்கள் இதற்கு ஒத்துவராது என்று ஆசிரியர் அடித்துச் சொல்லியிருக்கிறார். ஒதிலும் இருபது வருடம் அதை நம்பினார். கப்பல் பொறியாளரான கணவரோடு சிங்கப்பூருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டபோதுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இத்தனை வெளிச்சம் இந்த முகங்களில் எங்கிருந்து வருகிறது என்று நடுச்சாலையில் நின்றுவிட்டாராம். அதைப் பிடிக்க இரண்டு வருடம் வரைந்து வரைந்து கிழித்துப் போட்டார். முதலில் பச்சை கலந்த நீலம், அதன்மேல் செம்பழுப்பு, நிழலில் கொஞ்சம் ஊதா என்று கடைசியில் பிடிபட்டது. இன்றும் அவர் பெட்டியில் கறுப்பு என்று ஒரு வண்ணம் கிடையாது. எந்த முகத்திலும் அதைத் தான் பார்த்ததில்லை என்பார். கணவர் வேலை முடிந்து ஊர் திரும்பினார், இவர் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசிச் சிரித்துக்கொள்கிறார்கள்.

ஒதிலுக்கு ஒரே ஒரு விதி. முகத்தில் இல்லாததை வரையமாட்டார். கொஞ்சம் கலராகப் போடுங்கள் என்றவர்களையும் மூக்கைச் சின்னதாக்கச் சொன்னவர்களையும் மாடிப்படியைக் காட்டி அனுப்பியிருக்கிறார்.

அந்த விதிக்குச் சோதனையாகப் போன மாதம் கண்மணி வந்தார். பஃபலோ ரோட்டிலேயே மாலை கட்டி விற்பவர். அவர் மகள் ரோஷினி மருத்துவமனையில் தாதி. கல்யாணமாகிப் போகப்போகிற மகளின் முகம் தன் கழுத்தில் கிடக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ரோஷினி பதினோரு நாள் வந்து உட்கார்ந்தாள். முடித்த அன்று ஒதில் நீண்ட நேரம் எழுந்திருக்கவில்லை. நாற்பது வருட வேலையில் இப்படி ஒன்று வாய்த்ததில்லை என்று அவருக்கே தெரிந்தது. பாரிஸில் வருடம் ஒருமுறை சிற்றோவியக் கண்காட்சி நடக்கும். அவருடைய ஆசிரியரின் சீடர்கள் நடத்துவது. சிராங்கூன் சாலை முகங்களை நான்கு முறை அங்கே அனுப்பினார், நான்கு முறையும் திரும்பி வந்தன. இதை அவர்களால் திருப்ப முடியாது. அனுப்பக் கடைசி நாள் வியாழன், கண்மணியின் சம்மதம்தான் பாக்கி.

கண்மணி பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண் கலங்கியது. பாராட்டப் போகிறார் என்று ஒதில் காத்திருந்தார்.

“கன்னத்துல ஒரு கறுப்புப் பொட்டு வச்சிடுங்க மேடம். அத்தன பேரு பாக்கற எடத்துக்கு என் பிள்ளைய இப்படியே அனுப்ப முடியாது.”

ஒதிலுக்கு முகம் சிவந்துவிட்டது. பதினோரு நாள் உழைப்பில் ஒரு கறையை வைக்கச் சொல்கிறாளே! இல்லாததை வரையமாட்டேன் என்றார். அப்படியானால் படம் எங்கேயும் போகாது என்றார் கண்மணி. சத்தம் கேட்டு மேலே வந்த அழகப்பன், படத்தை மூடும் கண்ணாடியில் பொட்டு வைத்துவிடலாமே என்று சமாதானம் பேசினார். இரண்டு பேரும் அவரை முறைத்தார்கள். படி இறங்கப்போனவர் திரும்பி நின்று ஒன்று சொன்னார்.

“மேடம், நல்லா இல்லாத படத்துக்கு யாரும் திருஷ்டிப் பொட்டு கேக்க மாட்டாங்க. உசுரு இருக்கறதுக்குத்தான் கண்ணு படும்.”

ஒதில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த முகத்தையும் கண்மணியையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தக் கண்காட்சியும் அவருக்கு இப்படி ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்ததில்லை. நாளைக் காலை ரோஷினியை ஒருமுறை வரச்சொல்ல முடியுமா என்று கேட்டார். வரும்போது பொட்டோடு வந்தால், இருப்பதை வரைவதில் தனக்கு ஆட்சேபணை இல்லையாம்.

புதன்கிழமை ரோஷினி சீருடையிலேயே வந்து உட்கார்ந்தாள். கண்மணி மைச்சிமிழைத் திறந்து ஒதிலிடம் நீட்டினார்.

“நீங்களே வைங்க. பதினோரு நாளா கண்ணாடி வச்சுப் பாத்தது யாரு? உங்க கண்ணுதான் முதல்ல பட்டிருக்கும்.”

ரோஷினி சிரித்துவிட்டாள். வரைய உட்கார்ந்த யாரையும் ஒதில் அதுவரை தொட்டதில்லை. மோதிர விரலில் மையை எடுத்து அவள் வலது கன்னத்தில் வைத்தார். வைத்துவிட்டுப் பின்வாங்கி, கண்ணைச் சுருக்கி, அந்தப் பொட்டுக்குள் என்னென்ன நிறம் இருக்கிறது என்று தேடினார். பிறகு நீலத்தையும் செம்பழுப்பையும் குழைத்து, மூச்சை நிறுத்தி, படத்தின் கன்னத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்தார்.

கண்மணி மறுபடி பூதக்கண்ணாடியில் பார்த்தார். சிமிழில் மிச்சமிருந்த மையைத் தொட்டு, ஒதிலின் வலக் கையை இழுத்து, மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்தார். “இதுக்கும் கண்ணு படும் லா” என்றார்.

வரையும் கையில் துளி அழுக்கு பட்டாலும் ஓடிப்போய் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறவர் ஒதில். அன்று அந்தக் கையை மெல்லச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தூரிகைகளை எல்லாம் இடக்கையாலேயே கழுவி முடித்தார்.