வாளியின் அடியில் கொயினா

இன்று பிரிக்பீல்ட்ஸ் மருந்துக்கடையில், தண்ணீரில் கரையாமல் வெளுத்துக் கிடந்த, மலேரியாவுக்கான கொயினாத் தூள் நாலு சொட்டு அமிலம் விட்டதும் தண்ணீராய்த் தெளிந்ததைப் பார்த்தேன். கிள்ளானுக்கு அருகே, இப்போது இல்லாத எங்கள் ரப்பர் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு வரிசைக்குத் தோட்ட ஆஸ்பத்திரி டிரெஸர் அந்தத் தூளை ஒரு வாளி வெறும் தண்ணீரில் கொட்டி, கலக்காமலே மொண்டு கொடுப்பார். அவரிடமும் அமிலம் இருந்தது. பித்தளைப் பொத்தான் துலக்க. மேல்தண்ணீர் முன்னால் நிற்கும் ஆண்களுக்கு. கடைசியில் நிற்கும் அம்மாவுக்குத் தினமும் தூள் திரண்ட அடிவண்டல். அளவு மிஞ்சினால் காதைக் கெடுக்கும் மருந்து அது.

"காது இரையுதுங்கய்யா, கலக்கிக் குடுங்க."

"காது போனா நல்லதுதானே, கங்காணி ஏசுறது கேக்காது. குடி."

வரிசை சிரிக்கும்.

மறு ஆண்டே அம்மாவுக்குக் காது முழுதாகப் போயிற்று. டிரெஸர் ஓய்வுபெற்ற நாளில் தோட்டமே அவரைப் புகழ்ந்தது. எல்லோரும் கைதட்டுவதைப் பார்த்து அம்மாவும் தட்டினாள்.