சவரக் கத்தியும் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும்

என் அக்காவைக் கட்டியவர் சலூன் வைத்திருக்கிறார். எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போக ரயிலில் ஒரு ராத்திரி முழுக்க ஆகும். அவர் கடலைப் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்ட மனிதர் ஆறு வருடமாகத் திமிங்கல வேட்டையை நிறுத்தப் பாடுபட்டார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அந்தக் கூத்து கவிழ்ந்ததில் பாதிப் பாவம் என் தலையில் இருக்கிறது.

எல்லாம் ஒரு பழைய வாரப் பத்திரிகையால் வந்த வினை. காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காகப் பெஞ்சில் கிடக்குமே, அட்டை கிழிந்து, குறுக்கெழுத்தை யாரோ கண்டபடி நிரப்பி வைத்த புத்தகம், அந்த மாதிரி ஒன்று. ஆள் வராத ஒரு மத்தியானம் அத்தான் அதைப் படித்திருக்கிறார். திமிங்கலம் மூச்சு வாங்க மேலே வரும் நேரம் பார்த்துத்தான் ஈட்டியைப் பாய்ச்சுகிறார்களாம். பக்கத்திலிருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு நேராக வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"மாப்ள, என் நாற்காலியில வந்து உக்கார்றவன் கண்ண மூடி தலைய சாய்ச்சிடறான். அந்த நேரம் பார்த்து நான் ஒரு இழுப்பு இழுத்தா அவன் கதி என்ன? அதத்தான் அங்க பண்றானுங்க!"

அந்தத் தொழில் செய்பவருக்குத்தான் அப்படி ஒரு கோபம் வரும். எனக்கு வரவில்லை. வேட்டையை நிறுத்தச் சொல்லி ஊரெல்லாம் கையெழுத்து வாங்கப்போவதாகச் சொன்னார்; மனு எத்தனை காப்பி வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

மறுநாளே சலூன் சுவரிலிருந்த முடி அலங்காரப் படங்கள் இறங்கி, திமிங்கல வகைகளின் படம் ஏறியது. புதிதாக வந்த ஒருவர் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல எனக்கு எது பொருந்தும்?" என்று கேட்டார்.

கையெழுத்து வாங்குவதில் அத்தான் கறார். ஒரு ஆளுக்கு ஒரு கையெழுத்துதான், வெளியூர் ஆளானாலும் விலாசம் வேண்டும். ஆனால் கேட்கிற நேரம்தான் கொஞ்சம் கோளாறு. முடி வெட்டும்போது எல்லாரும் அரசியல் பேசுவார்கள், அவரைப் பேச விடமாட்டார்கள். தாடைக்குக் கீழே கத்தி இறங்கும்போதுதான் கடை நிசப்தமாகும். அப்போது ஆரம்பிப்பார். "கண்ணத் தெறக்காதீங்க. திமிங்கலத்துக்கு நம்மளப் போலவே சூடான ரத்தம், தெரியுமா?" கத்தி தொண்டைக்குழியைத் தாண்டும். "அத வெட்டலாமா? நீங்களே சொல்லுங்க." யார்தான் வெட்டலாம் என்று சொல்லுவார்கள்? அத்தானிடம் சூதுவாது கிடையாது. ஜனங்களுக்கு இரக்கம் அதிகம் என்றே அவர் நினைத்தார். ராத்திரி சாப்பிடும்போது அக்காவிடம், "இன்னிக்கு ஏழு பேர். ஒருத்தன்கூட மாட்டேன்னு சொல்லல" என்பார். அக்கா இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

ஆறு வருடத்தில் சேர்ந்தது நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. அட்டைப்பெட்டியில் கட்டித் திமிங்கலப் பாதுகாப்புச் சங்கத்துக்கு அனுப்பினார். திமிங்கல வேட்டை பற்றிய உலகக் கூட்டத்தில் சங்கம் வைக்கப்போகும் மனுக்களிலேயே பெரியது இதுதானாம், அதுவும் ஒரே சலூனிலிருந்து. சங்கத்துக்கே சந்தேகம் வந்து, சரிபார்க்க ஒரு அம்மாவை அனுப்பியது.

அந்த அம்மா முதலில் ஏறியது என் கடையில். நீங்கள் விரும்பித்தான் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டார். எனக்கு எதையும் வேடிக்கையாகச் சொல்லாவிட்டால் வாய் அரிக்கும்.

"கழுத்துல கத்திய வச்சுக் கேட்டா, திமிங்கலம் என்ன மேடம், டைனோசருக்கே போடுவேன்" என்றேன்.

காப்பி எடுக்க வந்த நாலு பேர் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். நல்ல நகைச்சுவைக்குக் கால் முளைக்கும் அல்லவா? அந்தத் தெருவில் அவர் விசாரித்த பத்துப் பேரில் பத்துப் பேரும் டைனோசர் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

சாயங்காலம் சலூனில் அதை வரிசையாகப் படித்துக் காட்டினார். பத்து டைனோசரையும் அத்தான் நின்றபடியே கேட்டார். கையிலிருந்த பிரஷ்ஷில் நுரை காய்ந்துபோனது.

"கட்டாயப்படுத்தி வாங்கினதுன்னு ஆகுது சார். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வர்றேன். இந்தப் பத்துல அஞ்சு பேராவது மனசார மறுபடி போட்டா மொத்தக் கட்டும் செல்லும். இல்லன்னா எல்லாம் குப்பைக்குத்தான்."

வீட்டில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "டைனோசர் உன் வாயிலதான வந்துச்சு? அவரு கோவப்பட்டிருந்தாக்கூடப் பரவால்லடா. என்கிட்ட, 'ஒருத்தனாவது நெசமா போட்டிருப்பானா'ன்னு கேக்குறாரு. நான் என்ன சொல்றது?"

ஞாயிறு மூன்று மணிக்குப் பத்துப் பேரும் வந்தோம். அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். அத்தான் புது பிளேடு மாட்டினார். பிறகு அவரே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்தார்.

"கத்தி யாரு கையில இருக்கோ அவனுக்குப் பயமில்ல. ஒவ்வொருத்தரா வந்து என் கழுத்துல வச்சுக்கிட்டு, உள்ளதச் சொல்லுங்க."

அந்த அம்மா தன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்கு அதில் கட்டம் இல்லை.

முதலில் மீன்கடைக்காரர். கத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எனக்கு அது பெரிய மீனு, அவ்ளோதான். மன்னிச்சிடுங்க" என்றார். "நன்றிங்க. அடுத்தது" என்றார் அத்தான், கண்ணைத் திறக்காமல். பஸ் கண்டக்டர் கத்தியையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்து, "இப்படியா தெனம் எங்க கழுத்துல நிக்கிறீங்க, கடவுளே!" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே கையெழுத்துப் போட்டார். பல் டாக்டர் மாட்டேன் என்றார். "வாயத் தெறக்க வச்சுட்டுத்தான் நானும் கேள்வி கேப்பேன். பதில நம்பறதில்ல." இப்படியே போய், ஒன்பது பேர் முடிந்தபோது சம்மதம் நாலு, மறுப்பு ஐந்து.

மிச்சம் நான்.

கத்தியை வாங்கினேன். அத்தானின் தொண்டை ஏறி இறங்கியது. இத்தனை வருடத்தில் அந்த மனிதரை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்காகச் சொல்லாத மாப்ள. உள்ளதச் சொல்லு."

பாழாய்ப்போன உண்மை அப்போது பார்த்து வந்து தொலைத்தது. "எனக்குத் திமிங்கலத்தப் பத்தி ஒரு எழவும் தெரியாது அத்தான். உங்களத்தான் தெரியும். உங்களுக்காகப் போடறேன்."

"அப்ப போடாத."

பெஞ்சிலிருந்த அந்த அம்மாவே எழுந்துவிட்டார். "சார், ஒரே ஒரு கையெழுத்து! நாலாயிரம் பேரு சார்! போடட்டுமே!"

"அவன் அதுக்காகப் போடலம்மா" என்றார் அத்தான்.

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டும் அந்த இடத்திலேயே செத்துப்போனது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்லாது என்று முத்திரை குத்தினார். எல்லாரும் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தபடியே வெளியே போனார்கள். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அத்தான் துணியைக் கழற்றி உதறினார். "உக்காரு. தாடி மண்டிக் கெடக்கு." நுரை பூசினார். கத்தி என் தாடைக்குக் கீழே இறங்கியது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவர் ஒன்றுமே சொல்லவில்லை. பிளேடு சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தை என்னால் தாங்கமுடியவில்லை. அப்புறம், சத்தியமாக, எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

"அத்தான், அவ்ளோ பெரிய ஒடம்பு. அது என்னதான் சாப்பிடும்?"

கத்தி நின்றது. இத்தனை ஆயிரம் பேரில் ஒருவர்கூட அவரிடம் திமிங்கலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இரு" என்றார் அத்தான். "கத்திய கீழ வச்சிட்டுச் சொல்றேன்."