தன் பெயருக்கு வந்த சங்கிலி வழக்கு

இங்கிலாந்து விசாவுக்கான படிவத்தில் பெயர், பிறந்த ஊர், டயாலிசிஸ் வார்டில் பன்னிரண்டு ஆண்டு நர்ஸ் வேலை எல்லாவற்றையும் ஞானசுந்தரி ஒரே மாலையில் எழுதி முடித்துவிட்டாள். அடுத்த கேள்வியில் மூன்று நாள் நின்றாள். எந்த நாட்டிலாவது, எந்தக் குற்றத்துக்காவது, உங்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டதுண்டா? கீழே இரண்டே கட்டங்கள்: ஆம், இல்லை.

அவளுக்கு முப்பத்தாறு வயது. தங்கச் சுரங்க ஊரின் ஸ்கெலட்டன் பகுதியில் கம்பெனி கட்டிய வரிசை வீடொன்றில் அப்பா சம்பங்கியோடு இருந்தாள். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூரு போய், இரவு திரும்புவாள். தண்டனை வாங்கியதும் அந்த ரயிலால்தான்.

அவள் ஏறும் பெட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி நகரும் நேரத்தில் தினசரி வருகிறவர் யாராவது பிளாட்பாரத்தில் ஓடி வந்தால், உள்ளே இருக்கிறவர் அபாயச் சங்கிலியை இழுத்துவிடுவார். பங்காருபேட்டையில் ரயில்வே போலீஸ் ஏறி, யார் இழுத்தது என்று கேட்கும். இழுத்தவர் வாய் திறக்கமாட்டார். ஓடி வந்தவரும் திறக்கமாட்டார். அன்றைக்கு யார் முறையோ அவர் எழுந்து, "நான்தான்" என்பார். ஒரே ஆள் இரண்டாவது தடவை மாட்டினால் தண்டனை கூடும் என்பதால் இந்த ஏற்பாடு. யார் முறை என்பதை, தினமும் கூட வரும் ஷைலா ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து ஷிப்ட் மாற்றிப் பழகிய ஊரில் இது யாருக்கும் தப்பாகப் படவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அந்த ஷைலாவே எட்டு மாத வயிற்றோடு ஓடி வந்தாள். லேத் பட்டறைக்குப் போகிற கோவிந்தன் சங்கிலியை இழுத்தார். முறை சுந்தரியுடையது. ரயில்வே கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கன்னடத்தில், ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். ஒப்புக்கொண்டாள். அபராதம் கட்டச் சொன்னார்கள். கோர்ட் கலையும் வரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொல்லிச் சிரித்தாள். அதோடு மறந்தும் போனாள்.

விசா வேலையைப் பார்த்த ஏஜென்ட் பிரதாப்புக்குப் போன் செய்தாள்.

"மேடம், உங்க போலீஸ் சர்ட்டிபிகேட் நீட்டா வந்திருக்கு. அதுல ஒண்ணுமே இல்ல. நீங்களா ஏன் கிளர்றீங்க? இல்லைன்னு டிக் பண்ணுங்க, முடிஞ்சுது."

"அவங்க போலீஸ்ல இருக்கான்னு கேக்கல சார். எனக்கு நடந்துச்சான்னுதான் கேக்கறாங்க."

"உங்களோட நாலு நர்ஸுங்க போறாங்க. அந்த ஊர் ஆஸ்பத்திரிக்காரங்க உங்களுக்காக வெயிட் பண்ண மாட்டாங்க."

அப்பாவும் அதையே சொன்னார். "இன்னாடி இது, செயின் இழுத்ததெல்லாம் ஒரு கேஸா? வெள்ளைக்காரன் வந்து பாக்கப் போறானா?"

"நான் இழுக்கவே இல்லப்பா."

"அப்ப இன்னும் சுளுவு. இல்லைன்னு போடு."

சுந்தரி சுவரைக் காட்டினாள். அங்கே ஆணியில் அவருடைய பித்தளைப் பில்லை தொங்கியது. சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறும்போது ஆளுக்கொன்று கொடுப்பார்கள். மேலே ஏறியதும் திருப்பிக் கொடுத்தால்தான் ஆள் வந்துவிட்டதாகக் கணக்கு. சுரங்கம் மூடிய நாளில் சம்பங்கி மட்டும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"உன் பில்லைய வேற ஒருத்தன் குடுத்துட்டான்னு நீ ஒரு மாசம் அவன்கிட்ட பேசாம இருந்தியே, ஏம்பா?"

"அது வேற. நான் கீழ கீறப்ப மேல வந்துட்டேன்னு நெனச்சு வெடி வெச்சுடுவான்."

"இதுவும் அதேதான். நான் ஒரு எடத்துல இருந்துகினு, இன்னொரு எடத்துல இருக்கேன்னு எழுதணும்."

சம்பங்கி தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

ஆம் என்று எழுதினால் தீர்ப்பின் நகல் வேண்டும். சுந்தரி விடுப்பு போட்டுவிட்டு மூன்று தடவை கோர்ட்டுக்குப் போனாள். முதல் தடவை தேதி சரியாகத் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஷைலாவின் மகன் பிறந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அது திங்கட்கிழமை என்ற நினைவையும் வைத்துத் தேதியைப் பிடித்தாள். இரண்டாம் தடவை பழைய கட்டுகளைத் தேட ஆள் இல்லை. மூன்றாம் தடவை குமாஸ்தா கட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

"இதை எல்லாரும் ஒளிச்சு வெக்கத்தான் பார்ப்பாங்க. நீ என்னம்மா தேடிக்கிட்டு வர?"

"எனக்கு இது வேணும் சார்."

நகலை பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். அபராதத்துக்கு மேலே ஒரு வரி இருந்தது: கோர்ட் கலையும் வரை சாதாரணச் சிறை. அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கு அதுதான் பெயர் என்று ஒன்பது வருடமாக அவளுக்குத் தெரியாது. இனி அபராதம் மட்டும் என்று எழுதினாலும் அது பொய்.

பிரதாப் அந்த வரியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான். "ஜெயில்னு எழுதினா ஃபைல் க்ளோஸ் மேடம். கிழிச்சுப் போடுங்க." அவள் நகலைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் ரயிலில் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னாள். பக்கத்து லைனான பாலகாட்டிலிருந்து வருகிற விநாயக் எகிறினான். "நீ லண்டன்ல போய் குந்திக்குவ. நாங்க இங்க கோர்ட்டுக்கு அலையணுமா?"

"உங்க யாரு பேரும் எழுதப் போறதில்ல. என்னுதுதான்."

கோவிந்தன் மெல்லச் சொன்னார்: "என் பேரப் போடும்மா. இழுத்தது நான்தான? நான் எந்த ஊருக்குப் போகப் போறேன்?"

"ஒத்துக்கினது நான்ண்ணா. நீங்க சொல்லச் சொல்லல. மாஜிஸ்திரேட் கேட்டாரு, நான்தான் தலையாட்டினேன்." பிறகு ஷைலாவைப் பார்த்தாள். "நோட்டுல என் பேர அடிச்சுடு. இனிமே எனக்காக யாரும் இழுக்கவும் வேணாம்."

"உனக்கின்னாடி, ஏரோப்ளேன்ல போறவ," என்றாள் ஷைலா. ஆனாலும் பேரை அடித்தாள்.

அன்றிரவு சுந்தரி விளக்கக் கடிதத்தை எழுதினாள். நான்கு தடவை எழுதிக் கிழித்தபின் அது ஒன்பது வரிகளில் நின்றது. தேதி, சட்டப் பிரிவு, அபராதம், கோர்ட் கலையும் வரை சிறை. சங்கிலியை இழுத்தது நான் அல்ல, பெட்டியில் இருந்த வழக்கப்படி என் முறை வந்ததால் கோர்ட்டில் ஒப்புக்கொண்டேன், யாரும் வற்புறுத்தவில்லை, அப்படிச் செய்தது தவறு. அந்தக் கடைசி வார்த்தையில்தான் அதிக நேரம் போனது. ஆம் என்ற கட்டத்தைத் தொட்டு, நகலையும் கன்னடத்திலிருந்து செய்த மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்பினாள்.

மற்ற நாலு பேரும் விசா வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். விமான நிலையத்தில் எடுத்த படம் வந்தது. ஏழாவது வாரம் விசா அலுவலகம் ஒரு விளக்கம் கேட்டது: வேறு வழக்கு உண்டா? இல்லை என்று எழுதினாள். இந்த முறை அந்த வார்த்தைக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி அவளை அடுத்த குழுவுக்குத் தள்ளிவைத்தது. பதினோராவது வாரம் விசா வந்தது. பிரதாப் போனில், "லக் மேடம் உங்களுக்கு," என்றான்.

புறப்பட்ட அன்று அதே ரயிலில்தான் போனாள். பெட்டிகளோடு சம்பங்கி அரைமணி முன்னதாகவே வந்து இடம் பிடித்திருந்தார். வண்டி நகர்ந்தபோது பிளாட்பாரத்தின் கோடியில் விநாயக் ஓடி வந்தான், கையில் ஒரு மாலை.

கோவிந்தனின் கை பழக்கத்தில் சங்கிலிப் பக்கம் போயிற்று. சுந்தரியைப் பார்த்தார். கை இறங்கிவிட்டது. ஷைலா ஜன்னலில் தலையை நீட்டி, "ஓடாதடா, நில்லு!" என்று கத்தினாள். அடுத்த நிமிடம் அவள் போன் அடித்தது, விநாயக்.

"இன்னா நீங்க? ஒருத்தரும் இழுக்கலியா?"

போனை சுந்தரி வாங்கினாள். "உன் பைக்கு எங்க கீது?"

"வெளில நிறுத்திகீறேன்."

"அதுல வா. வண்டி எப்படியும் ஊர்ந்துகினுதான் போகும், பங்காருபேட்டைல நிக்கும்."

ரயில் பங்காருபேட்டையில் நுழைந்தபோது விநாயக் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான். மாலையில் பாதிப் பூ காற்றில் போயிருந்தது.

"எப்படா வந்த?" என்றார் கோவிந்தன்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு," என்றான்.