நாலந்தாவில் பூ கேட்டோம்

கண்டியிலிருந்து சுற்றுலா வேன் அனுப்பும் முதலாளி எனக்கு ஒரேயொரு நாள்தான் கொடுத்தார். தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களுக்கு மாத்தளை அம்மன் கோயில், அலுவிகாரைக் குகைக் கோயில், எங்கள் நாட்டு நாலந்தா மூன்றையும் காட்டி, பின்னேரம் தம்புள்ளையில் ஹோட்டல் வாசலில் இறக்கிவிட வேண்டும்.

"அந்திக்கு நான் அவங்களுக்குப் போன்ல கோல் எடுத்துக் கேப்பேன். நல்லம்னு சொன்னா வேலை உங்களுக்குத்தான். இல்லாட்டி, தம்பி, கோவிச்சுக்காதீங்க" என்றார்.

கோவித்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. பட்டம் வாங்கிவிட்டு, வழிகாட்டிப் பயிற்சியும் முடித்துவிட்டு, டவுனில் ஒரு போன் கடையில் மற்றவர்களின் போன்களுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பா இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர், அம்மாவுக்கும் தோட்டத்து வேலைதான். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் "படிச்ச புள்ளகிட்ட கேளு" என்று எங்கள் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். கரண்ட் பில் ஏன் கூடியது, சந்திரனில் தண்ணீர் இருக்கிறதா, எல்லாம் என் தலையில். தெரியாது என்று சொன்னால் கேட்டவர் முகம் மாறாது, அம்மா முகம்தான் மாறும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பதில் வைத்திருப்பேன். அலுவிகாரைக்கும் நாலந்தாவுக்கும் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

குடும்பத்தின் தலைவர் ஓர் அம்மா. முசிறிப் பக்கம் மாவு மில் நடத்துகிறவர். மில் சத்தத்திலேயே பேசிப் பழகிய குரல். வேனில் எல்லோருக்கும் அவர் அத்தை. அவருடைய அண்ணன் மகன், அந்த அண்ணன் மகனின் மனைவி, அவர்களுடைய சின்ன மகள், பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வந்த இரண்டு உறவினர். சாரதி சிங்களவர். என்னை "மல்லி", அதாவது தம்பி, என்றுதான் கூப்பிட்டார்.

அம்மன் கோயிலில் எனக்கு வேலையே இருக்கவில்லை. அவர்களே அர்ச்சனைத் தட்டு வாங்கினார்கள், பெயர் நட்சத்திரம் சொன்னார்கள், குங்குமம் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வேன் கிளம்பியதும் அத்தை கேட்டார்:

"தம்பி பேசுறது எங்க ஊரு மாதிரியே இருக்கே. பூர்வீகம் எது?"

"துறையூருப் பக்கம்னு அப்பா சொல்லுவாருங்கம்மா."

"அட, பஸ் ஏறுனா அடுத்த ஊரு! அப்ப நம்ம பையன்தான்" என்று வேன் முழுக்கக் கேட்கச் சொன்னார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அலுவிகாரையில் இறங்கியதும் அந்த நினைப்புப் போனது. அண்ணன் மகன் அரைக்காற்சட்டை போட்டிருந்தார். முழங்கால் தெரிந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னேன். சாரதி வேனில் வைத்திருந்த தன் சாரத்தை, லுங்கியை, எடுத்துக் கொடுத்தார். அதைக் கட்டத் தெரியாமல் அண்ணன் மகன் கையால் பிடித்துக்கொண்டு நடந்தார். படியேறிப் போனதும் அவர் மனைவி புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று போனை உயர்த்தினார்.

"அக்கா, முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாதுங்க."

"அப்ப எப்படி எடுக்கிறது? சாமியும் நானும் ஒண்ணா தெரிய வேணாமா?"

"சாமியப் பார்த்து நில்லுங்க. நான் பின்னால இருந்து எடுக்கிறேன்."

"என் சடையவா?"

கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து மனைவிக்கு என்மேல்தான் கோபம் வந்தது. நிலைமையைச் சரிசெய்ய நினைத்து, புத்தரின் போதனைகளை ஏட்டில் எழுதியது பற்றி நான் தயார் செய்திருந்ததை ஆரம்பித்தேன். ஆரம்பித்துவிட்டு நிறுத்தவும் தெரியவில்லை. முடித்துப் பார்த்தபோது எதிரில் சாரதி மட்டும் நின்றார். அவருக்குத் தமிழ் அரைகுறை. பாவம், தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் குகைக்குள் இருந்தார்கள். உள்ளே நீளமாகப் படுத்திருக்கும் புத்தர். அத்தை இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, "ரெங்கநாதா!" என்று ஒரு சத்தம் போட்டார். குகை அதைத் திருப்பிச் சொன்னது. தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்து, தீர்த்தத்துக்குக் கையைக் குழித்து நீட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். பூ வைக்க வந்திருந்த வெள்ளை உடுப்புக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா, இது பெருமாள் இல்லீங்க. புத்தரு."

அத்தை நீட்டிய கையை மெதுவாக மடக்கினார். நான் பயந்துபோனேன். அவர் சிலையைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"அதான பார்த்தேன்! பாம்பையும் காணோம், கால்மாட்டுல தாயாரையும் காணோம். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாகளோன்னு நெனச்சேன்."

வெள்ளை உடுப்புக்காரர்களுக்கு மொழி புரியவில்லை. ஆனால் நாங்கள் எல்லோரும் சிரிக்கவும் அவர்களும் சிரித்தார்கள். கால் என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

"அம்மா, அந்தக் கால் விரலப் பாருங்க. ரெண்டு காலும் ஒண்ணுக்குமேல ஒண்ணு சரியா இருந்தா, புத்தர் சும்மா படுத்து ஓய்வெடுக்கிறாருன்னு அர்த்தம். மேல் காலு கொஞ்சம் பின்னால இழுத்திருந்தா, உயிர் போயிருச்சுன்னு அர்த்தம்னு சொல்லுவாங்க."

அவ்வளவுதான். அத்தை அடுத்த குகைக்குள் நுழைந்ததும் நேரே கால்மாட்டுக்குப் போனார். "இவரு தூங்குறாரு" என்றார். "இல்ல அத்த, இழுத்திருக்கு" என்றார் அண்ணன் மகன், ஒரு கையால் சாரத்தைப் பிடித்தபடி. இருவரும் குனிந்து நின்று வாதாடினார்கள். சின்ன மகளுக்கு நரகத்துத் தண்டனைகள் வரைந்திருக்கும் குகைதான் பிடித்தது. அங்கேயிருந்து அவளைக் கிளப்புவதே பெரும்பாடு.

ஆனால் வேனில் ஏறியதும் அலுப்பு வந்துவிட்டது. "அடுத்தது என்ன?" என்று அண்ணன் மகனின் மனைவி கேட்டார்.

"நாலந்தா. அதுவும் ஒரு பழைய விகாரைதானுங்க."

"இன்னொரு புத்தரா? போதும்ங்க. நேரா ஹோட்டலுக்கு விடச் சொல்லுங்க."

பின் சீட்டிலிருந்தும் "ஆமா, ஆமா" என்று குரல் வந்தது. அவர்கள் தூக்கத்தில் இருந்தாலும் இதற்கு மட்டும் விழித்திருந்தார்கள். இருந்த மூன்றில் ஒன்றைக் காட்டாமல் கொண்டுபோய்விட்டால் முதலாளியிடம் என்ன சொல்வது? நாலந்தாவுக்குத் திரும்பும் இடத்தில் சாரதி வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்:

"மல்லி, ராவணன் கட்டினதுன்னு ஒரு வார்த்தை விடு. செருப்புப் போடாமலே இறங்கி ஓடுவாங்க. எல்லாரும் சொல்றதுதான்."

சொல்லியிருப்பேன். வாய்வரை வந்தது. அதற்குள் அத்தையே, "இதையாவது யாரு கட்டுனது?" என்று கேட்டுவிட்டார். என்னை நேராகப் பார்த்துக்கொண்டு கேட்டார். எனக்கு ஏனோ லயத்தில் கரண்ட் பில்லை நீட்டுகிறவர்களின் முகங்கள் வந்தன.

"தெரியாதுங்கம்மா" என்றேன். "யாரு கட்டினாங்கன்னு உறுதியா யாருக்கும் தெரியாது. பார்த்தா உங்க பக்கத்துக் கோயில் மாதிரியே கல்லுல இருக்கும். முந்தி வேற இடத்துல இருந்துச்சு. நீர்த்தேக்கம் கட்டினப்ப தண்ணிக்குள்ள போயிரும்னு, கல்லு கல்லா கழட்டிக் கொண்டுவந்து மேட்டுல திரும்ப அடுக்கியிருக்காங்க."

"கோயிலையே கழட்டி வேற எடத்துல வச்சாங்களா?"

"ஆமாங்கம்மா."

"வண்டிய விடச் சொல்லுங்க. பார்க்கணும்."

அவர் அப்படிச் சொன்ன பிறகு வேன் நாலந்தாவுக்குத் திரும்பியது. மரங்களுக்கு நடுவே நடந்து போனோம். இருபுறமும் தண்ணீர் பளபளத்தது. கருங்கல் கோயில் தனியாக நின்றது. அத்தை உள்ளே போகாமல் சுவரில் கை வைத்துக்கொண்டு, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையிலுள்ள கோட்டை விரலால் தடவினார்.

"எங்க ஊருல நாலுவழி ரோடு வந்தப்ப எங்க கொலதெய்வத்த இப்படித்தான் தூக்குனாங்க. தூக்குறதுக்கு முந்தி பூ கேட்டோம். செவப்புதான் வந்துச்சு. மறுபடி கேட்டோம், மறுபடியும் செவப்பு. ரோடு போடுறவன் பூவையா பார்ப்பான்? தூக்கிட்டான். அன்னையிலருந்து நான் அந்தப் புதுக்கோயில் வாசல மிதிக்கல." பிறகு என்னிடம் திரும்பினார். "இங்க கேட்டாங்களா?"

"என்னதும்மா?"

"சாமிக்குச் சம்மதமான்னு பூ போட்டுக் கேட்டாங்களா?"

"தெரியாதுங்கம்மா."

"சரி, இப்பக் கேட்ருவோம்."

தடுக்க நான் யார்? மரத்தடியில் உதிர்ந்து கிடந்த, விகாரைகளில் வைக்கும் வெள்ளை அரலியாப் பூ ஒன்று. அம்மன் கோயிலில் கொடுத்த சிவப்பு அரளி ஒன்று. இடுப்பிலிருந்த வெற்றிலையில் இரண்டையும் தனித்தனியாக மடித்து, குலுக்கி, வாசல்கல்லில் வைத்தார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. காவலாளி கிட்டே வந்து பார்த்தார். பூ வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்து நகர்ந்துகொண்டார்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். சின்ன மகளை எடுக்கச் சொன்னார்கள். அவள் ஒன்றைத் தொட்டாள், விட்டாள், மற்றதைத் தொட்டாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிவப்பு வந்தால் அத்தையின் மனம் இன்றைக்கு முழுக்கச் சரியாகாது, அந்த மனத்தோடுதான் முதலாளியிடம் பேசப்போகிறார். அம்மாவின் தோட்டச் சம்பளம், என் இத்தனை வருசப் படிப்பு, எல்லாம் அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது.

பிரித்தாள். சிவப்பு.

சாரதி வானத்தைப் பார்த்தார். அத்தை அந்தப் பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பழைய எடம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

நான் தண்ணீரைக் காட்டினேன். "அதுக்குள்ளதாங்கம்மா."

அவர் நெடுநேரம் பார்த்தார். நீர்க்காகம் ஒன்று முங்கி, வேறெங்கோ எழுந்தது. சட்டென்று அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்க போயி முங்கிக்கிட்டா உக்கார முடியும்? பிடிக்கலன்னாலும் இருந்துதான் ஆகணும்." கல்லைத் தட்டிக்கொடுத்தார். "கோவம் இருந்தா இருக்கட்டும் சாமி. காத்து நல்லா வருது. வந்து பார்க்கவும் ஆள் இருக்கு." பிறகு, யாரிடம் என்றில்லாமல், "நான்தான் எங்க சாமிய தனியா விட்டுட்டேன்" என்றார். பூவைத் தண்ணீரில் விட்டார். போகும்போது அண்ணன் மகனின் மனைவியைக் கோயிலுக்கு முன்னால் நிறுத்தி, தானே படமெடுத்தார். இந்தமுறை படத்தில் முகமும் தெரிந்தது.

தம்புள்ளைக்குக் கிட்டே வரும்போது முதலாளியின் கோல் வந்தது. அத்தை போனைக் காதில் வைக்கிற பழக்கமில்லாதவர். ஸ்பீக்கரில் போட்டார்.

"எல்லாம் நல்லபடியா போச்சாம்மா? நம்ம பொடியன் எப்படி?"

"பேச்சு ஜாஸ்திங்க. கோயிலுக்குள்ள நின்னுக்கிட்டுப் பாடம் நடத்துறாரு. எங்க வீட்டுப் பொண்ணைப் படம் எடுக்க விடல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கங்கம்மா. நாளைக்குச் சீகிரியா மலைக்கோட்டைக்கு நல்ல ஆளாப் போட்டிருக்கேன். ரொம்ப அனுபவம். ராவணன் கதையெல்லாம் விளக்கமா சொல்லுவாரு."

"ராவணன் கதையா? முந்தாநாள் வந்தவரு ராவணன் குளிச்ச எடம்னு மூணு அருவி காட்டுனாரு. ஒரு மனுசன் ஒரே நாள்ல எத்தன தடவ குளிப்பான்? அவரு வேணாம். இந்தத் தம்பியே வரட்டும். இவரு தெரியலன்னா தெரியலங்கிறாரு."

"சரிம்மா. நீங்க சொன்னா சரி. தம்பி, கேக்குதா? நாளைக்கு வந்திருங்க. நாளன்னைக்கும் ஒரு குரூப் இருக்கு."

சாரதிக்கு நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் ஹாரனை ஒருமுறை நீளமாக அடித்தார். பின் சீட்டுக்காரர்கள் திடுக்கிட்டு எழுந்து, "வந்தாச்சா?" என்றார்கள்.

"ஆமா, சீகிரியாவுக்கு மேல என்னதான் இருக்கு?" என்று அத்தை கேட்டார்.

"எனக்கும் சரியாத் தெரியாதுங்கம்மா. பள்ளிக்கூடத்துல கூட்டிக்கிட்டுப் போனப்ப பாதிதான் ஏறினோம். குளவி கலைஞ்சு எல்லாரையும் இறக்கிவிட்டுட்டாங்க."

"அப்ப மீதிய நாளைக்கு ஏறிப் பார்த்துருவோம்" என்றார்.