பனியன் கம்பெனிப் படம் தெரியாமல் நல்லூரில் பெண் பார்த்தது

என் மூத்த பேத்தி கோயம்புத்தூரில் பல் டாக்டர். அவள் தம்பி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போன மாதம் கார் வாங்கினான். சின்னவள் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல். மகன் வழிப் பேரன் கோகுல் விவசாயப் பட்டம் படித்தவன். வெள்ளை ஈ விழுந்து கருகிய நாலு ஏக்கர் தென்னந்தோப்பை மூன்றே வருடத்தில் காய்க்க வைத்தான். வயது முப்பத்தொன்று. அவனுக்குத்தான் பெண் கிடைக்கவில்லை. புதன்கிழமை நான் நல்லூர் போனது அதற்காகத்தான். மகனுக்கு அன்று தேங்காய் வெட்டு. கூட வருகிறேன் என்ற தரகர் கடைசி நேரத்தில் வரவில்லை.

எங்கள் ஊர் கொமரலிங்கத்தில் காலை ஆறு நாற்பதுக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. உடுமலைக்கு முக்கால் மணி நேரம். அங்கிருந்து திருப்பூருக்கு ஐம்பது ரூபாய், இரண்டு மணி நேரம். பல்லடத்தில் மட்டும் இருபது நிமிடம் நின்றே கிடந்தோம். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நல்லூர் ஐந்து கிலோமீட்டர். தூத்துக்குடிப் பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர் நூற்றைம்பது வாங்கினார். போகிற காரியத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்:

"பொண்ணு பாக்கவா, ஒத்தையாவா போறீக ஆச்சி? மாப்ள கம்பெனி வச்சிருக்காகளா?"

பெண் கேட்ட வீடுகளிலெல்லாம் இதே கேள்விதான். இவருமா என்று இருந்தது.

பெண் வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள். சம்மதம் சொல்லாத வீட்டில் சாப்பிடுவது எங்களில் வழக்கமில்லை. காபியோடு நிறுத்திக்கொண்டேன். பெண்ணின் அப்பா கேட்டார்: "பேரன் யூனிட்ல எத்தன மிஷினுங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனைக் காட்டினார். தையல் மிஷின் வரிசைக்கு நடுவே கோட்டுப் போட்டு நிற்கிறான் கோகுல். வரன் பார்க்கும் குரூப்பில் அவனே போட்ட படமாம்.

"அது சிநேகிதன் கம்பெனிங்க. இவன் தோப்புப் பாக்கறானுங்க."

"காட்டுல கெடக்கறவனுக்கு எப்படீங்க புள்ளயக் குடுக்கறது?"

"நீங்களும் தாராபுரத்துல வெங்காயம் போட்டவருதானுங்களே?"

"அதனாலதானுங்க சொல்றேன்."

எழுந்துவிட்டேன். அப்போதுதான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள்.

"தோப்புன்னா எனக்கு ஒண்ணுமில்லீங்க அம்மாயி. பொய்யப் போட்டா எப்படீங்க? தோப்புல நிக்கற படத்த அவரே போடட்டும். பாத்துட்டு அப்பாகிட்டச் சொல்றேன்."

அப்பா வேறு பக்கம் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஆட்டோ வேண்டாம், நல்லூருக்கு டவுன் பஸ் நிறைய இருக்கிறது. கம்பெனி விடுகிற நேரத்தில் திரும்பாதீர்கள், நிற்கக்கூட இடம் கிடைக்காது. புறப்படும் முன் உங்கள் பையன் எந்தப் படத்தைப் போட்டிருக்கிறான் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அஞ்சாவது படித்த எனக்கே அது தோன்றியிருக்க வேண்டும்.

கோகுல் கண்ணு, நீ இதைப் படிப்பாய். அந்தக் கோட்டுப் படத்தை எடுத்துவிட்டு, மடித்துக் கட்டிய வேட்டியோடு தோப்பில் நிற்கிற புதுப் படம் ஒன்றை இன்றைக்கே போடு.